அசையாத முள்

"கார் பின் சீட்டை எதுக்குங்க ஹாலுக்குள்ள கொண்டு வந்து வச்சிருக்கீங்க?" என்று டீச்சர் மூன்றாவது முறையாகக் கேட்டபோது, எதிர்வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

"அதுக்கு அடியிலதான் டாங்க் மூடி இருக்கு. கொஞ்சம் தொந்தரவு பண்ணாம இரு" என்றார் அவள் கணவர், கையில் ஸ்பேனருடன்.

மனித குலத்தின் மகத்தான பழுதுபார்ப்புகள் எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரும் கேட்டுக்கொள்ளாமலேயே தொடங்கியவை. அவர் புள்ளிவிவர அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கார் வாங்கி எட்டு வருடம் ஆகிறது. இரண்டு மாதமாகப் பெட்ரோல் முள் காலிக் கோட்டில் படுத்துவிட்டது, எவ்வளவு நிரப்பினாலும் எழுந்திருப்பதில்லை. டீச்சர்தான் வாராவாரம் வெள்ளிக்கிழமை தவறாமல் நிரப்பச் சொல்லிச் சமாளித்து வந்தாள். மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றும் சொல்லிப் பார்த்தாள். இருபது வருடம் அறிக்கைகளைச் 'சீரமைத்த' கைக்கு ஒரு முள் எம்மாத்திரம் என்று அவர் கேட்டார்.

டாங்குக்குள்ளிருந்து ஒரு கம்பி வெளியே வந்தது. நுனியில் இருந்த மிதவை ஓட்டை விழுந்து, பெட்ரோல் குடித்துக் கனத்துப்போயிருந்தது. புது மிதவை வாங்கலாம்தான். அவர் அதைவிட உயர்வான முடிவுக்கு வந்தார். மிதவை அடியிலேயே கிடந்தாலும் முள் மேலே நிற்கும்படி கம்பியை இழுத்து வளைத்தார். சாவியைத் திருப்பினார். முள் விறைப்பாக எழுந்து 'முழு' என்ற இடத்தில் நின்றது. தெருவே போய்ப் பார்த்துப் பாராட்டியது. பார்க்காதவர்களை அவரே வந்து அழைத்துப்போனார்.

அதன் பிறகு ஐந்து நாள் ஓட்டியும் முள் மயிரிழைகூட இறங்கவில்லை. மைலேஜில் இது ஒரு 'சாதனை' என்று அலுவலகத்தில் கூட்டம் போட்டு விளக்கினார். வெள்ளிக்கிழமை பெட்ரோல் போடும் வழக்கம் 'தேவையற்ற நடைமுறை' என்று ரத்தானது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு டீச்சருக்கு நேர்காணல். அடுத்த ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியர் பதவி. பன்னிரண்டு வருடம் காத்திருந்து வந்த அழைப்பு, தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும். பஸ்ஸில் போகிறேன் என்றவளை அவர்தான் விடவில்லை. பாதி வழியில் பங்க் ஒன்று வந்தபோது அவள் வாயைத் திறந்தாள். அவர் முள்ளைக் காட்டினார்.

அடுத்த நாலாவது மைலில் கார் இருமி, விக்கி, நின்றது.

டீச்சர் முள்ளைப் பார்த்தாள். முழு. மணியைப் பார்த்தாள். எட்டு ஐம்பது.

"பெட்ரோல் தீர்ந்துபோச்சுங்க."

"எப்படித் தீரும்? முள் முழுசாக் காட்டுதே. நின்னது வண்டியோட தப்பு" என்று அவர் பானெட்டைத் திறக்கப் போனார்.

அவள் சான்றிதழ் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, எதிரே வந்த ரொட்டி வேனைக் கை காட்டி நிறுத்தினாள். உடம்பெல்லாம் மாவோடு ஒன்பதரைக்கு இரண்டு நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தாள். ஒரு பள்ளி நன்றாக நடக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டார்களாம்.

"அறிக்கையைப் பார்க்க மாட்டேன் சார். வகுப்புக்குள்ள போய்ப் பார்ப்பேன்" என்றாளாம்.

வேலை கிடைத்தது. அடுத்த மாதமே, பள்ளியில் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குக் குடிபோய்விட்டாள். பள்ளி வாசலுக்கு எதிரேயே வீடாம், நடந்தே போகிறாளாம்.

கண்காணிப்பாளர் குறைந்தவரா என்ன? அவருடைய மைலேஜ் விளக்கத்தில் மேலிடம் சொக்கிப்போய், பதவி உயர்வோடு குடிநீர் வாரியத்துக்கு அனுப்பியது. நகரத்தின் நீர்த்தேக்கங்களில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை இப்போது தினமும் காலையில் அவர்தான் அறிவிக்கிறார். மழை பெய்து ஏழு மாதம் ஆகியும் நீர்மட்டம் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. இந்தப் பெருமையைப் பற்றி எங்கள் தெருவில் விரிவாகப் பேசுகிறோம், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது.