ஒரே தலையில் இரண்டு யோசனைகள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நான் நலம். என் மனைவியும் நலம். "நாங்கள் நலம்" என்று சேர்த்து எழுதத்தான் சற்றுத் தயக்கமாக இருக்கிறது.

நாங்கள் சுற்றுலா புறப்படுமுன் தாங்கள் அன்போடு இரண்டு யோசனைகள் சொன்னீர்கள். "வெளிநாடு போறீங்க சம்பந்தி, தலைக்கு மை அடிச்சுக்கிட்டு ஜம்முனு போங்க, பத்து வயசு குறையும்" என்பது ஒன்று. "அங்கே பஸ்ல வயசானவங்களுக்குப் பாதி டிக்கெட், வெளிநாட்டுக்காரங்களுக்கும் உண்டு, கூச்சப்படாம கேளுங்க" என்பது மற்றொன்று. தனித்தனியே இரண்டும் அருமையானவை. இரண்டையும் ஒரே தலையில் நிறைவேற்றினால் என்ன ஆகும் என்பதை நான்தான் யோசித்திருக்க வேண்டும். நூலகத்தில் புத்தகங்களை வகைபிரித்தே ஓய்வு பெற்றவனுக்கு அந்தப் புத்தி வரவில்லை. மை அடித்துக்கொண்டேன், வேர் வெளுத்தால் வேண்டுமே என்று இன்னொரு பாக்கெட்டையும் பெட்டியில் வைத்தேன். இவளோ, "எனக்கெதுக்கு இந்த வேஷம்?" என்று நரைத்த தலையோடே கிளம்பினாள்.

சலுகை கேட்க வேண்டிய வாக்கியத்தை விடுதி அறையில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டேன். பேருந்தில் ஏறியதும் அது மறந்துபோனது. பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டினேன். அதிலுள்ள படத்தில் எனக்குப் பஞ்சு போன்ற தலை. ஓட்டுநர் படத்தைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், பிறகு ஆங்கிலத்தில் மிகவும் பணிவாகச் சொன்னார்: அப்பாவின் பாஸ்போர்ட்டைக் காட்டி மகன் சலுகை வாங்க முடியாதாம். இவளிடம் எந்தச் சான்றும் கேட்காமல் அரை டிக்கெட்டை நீட்டி, "அம்மாவைக் கையைப் பிடித்து உட்கார வையுங்கள்" என்று எனக்கு அறிவுரையும் சொன்னார்.

இத்தனை தவறான தட்டில் என்னை யாரும் அடுக்கியதில்லை, சம்பந்தி. "இவள் என் மனைவி" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயத்தில் நாக்கு எழவில்லை என்று இவளிடம் சாதித்தேன். உண்மையில் உள்ளூர ஒரு குளிர்ச்சி. முழுக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல், சிரித்துக்கொண்டே உள்ளே நடந்தேன். அந்தச் சிரிப்பை இவள் பார்த்துவிட்டாள்.

"உக்காருடா கண்ணு, பஸ் ஆடுது, விழுந்துடப்போறே" என்றாள்.

அன்றிலிருந்து நான் பிள்ளை. அருங்காட்சியகத்தில், "எதையும் தொடாதே, அடிப்பாங்க." மழையில், "தலையைத் துவட்டுடா, மை வழியுது." பொறுக்க முடியாமல், "ஏம்மா, போதுமே" என்று கெஞ்சினேன். "பாத்தியா, நீயே அம்மான்னுதானே கூப்பிடுறே!" என்றாள். கல்யாணமான நாள் முதல் என்னை "ஏங்க" என்று கூப்பிட்டவள். அந்த ஒரு சொல்லைத் திரும்பக் கேட்டால் போதும், ஊரெல்லாம் முழு டிக்கெட் வாங்கத் தயார் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

நேற்று முடிதிருத்தும் கடைக்குப் போய், கருப்பு போகும்வரை வெட்டச் சொன்னேன். வேர்வரை வெட்டிவிட்டார். தலையில் உப்புத் தூவியதுபோல் இருக்கிறது. இனியாவது கணவனாக ஏற்பாளா என்று அறைக்குள் தயங்கித் தயங்கி நுழைந்தேன். ஏற இறங்கப் பார்த்தாள். "சளி பிடிக்கும், குல்லா போட்டுக்கோ கண்ணு" என்றாள்.

ஆகவே, அடுத்த மாதம் தாங்களும் இங்கே சுற்றுலா வரும்போது தயவுசெய்து தலையில் எதையும் தடவிக்கொள்ள வேண்டாம். மிச்சமிருந்த பாக்கெட்டைக் குப்பையில் போடத் தேடினேன், காணோம். இவளே எறிந்திருப்பாள்.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். இவளும் தங்களை விசாரித்தாள். தற்போது எந்த உறவுமுறையில் என்பதுதான் தெரியவில்லை.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடவும். இன்று காலை இவள் குளியலறையிலிருந்து கன்னங்கரேலென்ற தலையோடு வெளியே வந்தாள். பாக்கெட் போன இடம் தெரிந்தது. பேருந்தில் அதே ஓட்டுநர். எங்களை அடையாளம் தெரியவில்லை. என் தலையைப் பார்த்ததுமே அரை டிக்கெட் கொடுத்தார். இவளிடம், "அப்பாவுக்குத்தான் சலுகை, மகளுக்கு முழுக் கட்டணம்" என்றார். இவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீதிச் சில்லறையும் வாங்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "ஏங்க, இதே மையில நாலு பாக்கெட் வாங்கி வைக்கச் சொல்லி சம்பந்திக்கு எழுதுங்க."