கண்ணை மூடிக்கொண்டு நடந்த பேச்சுவார்த்தை

அன்பு நிறைந்த சித்திக்கு,

உங்கள் அக்காவின் ஒரே மகளும் ஒரே தலைவலியுமாகிய நான், இங்கே அனைவரும் நலம், என் கணக்கு மார்க் தவிர, என்று தெரிவித்து எழுதிக்கொள்வது.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டு மாலை ஜெபத்தில் இப்போதெல்லாம் நானும் சத்தமாக ஜெபிக்கிறேன். மகள் திருந்திவிட்டாள் என்று அப்பா சபையில் சாட்சியே சொல்லிவிட்டார். உண்மையில் அது போர். அதில் நான் ஜெயித்துவிட்டேன்.

ஆரம்பித்தது உங்கள் அக்காதான். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்று, வருகிறவர் எல்லாரையும் "நல்லா வாயைத் திறங்க" என்று திறக்கவைப்பவருக்கு, காதல் என்றால் மட்டும் தன் வாய் திறக்காது. தாய்மார் கூட்டத்தில், வயதுக்கு வந்த பிள்ளைகளோடு மனம்விட்டுப் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மா என் அறைக்கு வருவார், மடித்த துணியை மறுபடி மடிப்பார், "ஏதாச்சும் சொல்லணுமா?" என்பார், "வந்தது நீங்கதானேம்மா, நீங்க சொல்லுங்க" என்பேன், போய்விடுவார். கடைசியில் ஒருநாள் ஜெபத்தில் குண்டு போட்டார்.

"ஆண்டவரே, சபையில பாட்டுப் பயிற்சின்னா இந்தப் பிள்ளை கண்ணாடியை விட்டு நகர மாட்டேங்குறதை நீர் அறிவீர். அந்தக் கீபோர்டு வாசிக்கிற தம்பியையும் நீர் அறிவீர். எனக்குத்தான் ஒண்ணும் தெரியல."

ஜெபத்தில் குறுக்கே பேச முடியுமா? நடுவரையே தன் பக்கம் உட்காரவைத்துக்கொண்டு ஆடினால் நியாயமா சித்தி? அவர் ஆமென் சொல்வதற்குள் நான் பிடித்துக்கொண்டேன். "ஆண்டவரே, பையன் நல்லவன்னு எங்கம்மாவுக்கு உணர்த்தும்." அப்பா உருகிப்போய், "ஆமென்!"

அன்றிலிருந்து தினமும் இதேதான்.

"படிப்பு முடியட்டும் ஆண்டவரே."

"பேசுறதுக்கு எதுக்கு ஆண்டவரே பட்டம்?"

"எனக்குத் தெரியாம ஏதாவது நடந்து, பிள்ளை தனியா உக்காந்து அழக் கூடாது கர்த்தாவே." அம்மாவின் குரல் உடைந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் நானே ஆமென் சொல்லிவிட்டேன். மறுநாள்தான் பதில் கிடைத்தது. "அப்போ அவன் வீட்டுக்கே வரட்டும் கர்த்தாவே."

அம்மா நிபந்தனை போட்டார். "கூடத்துல. கதவு திறந்திருக்கணும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உமக்குச் சித்தமானால்."

மேலிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை. அப்பாதான் ஒரு கண்ணைத் திறந்து, "யாரு வர்றா?" என்றார்.

உங்கள் காலத்தில் ஜன்னல் பக்கம் நிற்கக்கூட விடவில்லை என்று புலம்புவீர்களே, உங்களுக்கும் சேர்த்தே வாங்கிவிட்டேன் சித்தி! சித்தப்பாவுக்கு ஸ்தோத்திரம், தம்பிக்கு ஒரு குட்டு. சகல ஆசீர்வாதங்களும் உங்கள்மேல் இறங்குவதாக. இறங்குகிற வழியில் என் கணக்குப் பரீட்சையையும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதாக.

இப்படிக்கு,
அம்மாவையே ஜெயித்த,
உங்கள் வாயாடி

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. அம்மா கூடத்துத் திரைச்சீலையை மாற்றினார். அப்பா சவரம் செய்துகொண்டு உட்கார்ந்தார். அவன் வரவில்லை. நான் கூப்பிட்டால்தானே வருவான்? கூப்பிட வேண்டுமென்றால் முதலில் பேசியிருக்க வேண்டும். இதுவரை அவன் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அந்த வயரை மிதிக்காதீங்க."

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஜெபத்தில் இல்லை, கண்ணைத் திறந்துகொண்டு, முகத்தைப் பார்த்து. அம்மா சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, என் கட்டிலில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்தார்.

"எந்த வயருடி? முதல்லேருந்து சொல்லு."