சபைப் புடவையின் நிறம்

பொட்டலத்தைப் பிரித்த ஞானசௌந்தரி, புடவையை ஒரு முறை பார்த்தாள். பிறகு ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெளிச்சத்தில் இன்னும் மோசமாக இருந்தது.

"என்னங்க, இது என்ன கலர்?"

இக்னேஷியஸ் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தான். ஆவடித் தொழிற்சாலையில் அவன் ஃபிட்டர். வீட்டில் அபிப்பிராயம் கேட்டால் மட்டும் நழுவிவிடுவான்.

"பச்சை மாதிரி இருக்கு."

"பச்சையா?"

"சாம்பல்னும் சொல்லலாம். உனக்கு எது தோதோ அதை வச்சுக்க."

அவர்களுடைய மாதா கோயில் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. பிப்ரவரியில் லூர்து மாதா திருவிழாவுக்கு மாதர் சபையினர் எல்லாரும் ஒரே மாதிரிப் புடவை கட்டித் தேருக்கு முன்னால் போக வேண்டும். தலைவி சகாயம்மாள் நாலு பேரோடு போய்ப் புடவை எடுத்து வருவாள். ஞானசௌந்தரியை மட்டும் கூப்பிடமாட்டார்கள். கூப்பிட்டால் கடைக்காரன் விளக்கை அணைக்கும்வரை திரும்ப முடியாது.

அவள் உடுத்துவதில் அப்படி ஒரு பைத்தியம். வெயிலுக்கு வாயில் புடவை, மழைக்கு நைலக்ஸ், டிசம்பருக்கு வெல்வெட் ரவிக்கை. பஃப் கை வந்த வருஷம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் முதலில் தோள் வீங்கியது அவளுக்குத்தான். அடுத்த மாதமே பிளாக் பிளாக்காக வீங்கிக்கொண்டு போனது. ஆனால் அவளைப் பார்த்துத்தான் தைத்தோம் என்று ஒருத்தியும் வாய்திறந்து சொன்னதில்லை. சகாயம்மாளைக் கேட்டால், எங்க ஊரில் இது அப்போதே உண்டு என்பாள்.

புடவையைத் தூக்கிக்கொண்டு அவள் சகாயம்மாள் வீட்டுக்குப் போனாள்.

"சகாயக்கா, இதை யாரு எடுத்தது?"

"சபை எடுத்துச்சு. ஏன்?"

"சாக்கடைத் தண்ணி மாதிரி இருக்கு. மாத்திட்டு வாங்க."

சகாயம்மாள் முகம் சுருங்கியது. "நீ போய் இந்தக் கலரை நல்லா இல்லன்றியே. ஆச்சரியமா கீது."

"இதுல என்ன ஆச்சரியம்?"

"ஒண்ணுமில்ல. கடைக்காரன் திருப்பி வாங்கமாட்டான். எல்லாருக்கும் குடுத்தாச்சு. கட்னா கட்டு. கட்டாதவங்களுக்கு தேர்ல மைக் இல்ல."

அங்கேதான் அவளுக்கு வலித்தது. தேர்ப் பாட்டை வருஷா வருஷம் முன்னால் நின்று பாடுகிறவள் அவள். கல்யாணமாகித் திண்டுக்கல்லிலிருந்து வந்து, யாரையும் தெரியாமல் நின்றவளை இந்த ஊர் தெரிந்துகொண்டதே அந்தப் பாட்டால்தான். அதை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது. அந்த நிறத்தை உடம்பில் சுற்றிக்கொள்ளவும் முடியாது.

"ஒரே துணின்னுதானே சபைத் தீர்மானம்? கட்டுறேன்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வந்ததும் அரக்குச் சாயப் பொடி வாங்கி, அண்டாவில் கொதிக்கவிட்டு, புடவையை முக்கினாள். அது முழுப் பாலியெஸ்டர். சாயத்தை வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. முழுசாக அடம்பிடித்திருந்தாலாவது பரவாயில்லை. அங்கங்கே மனசு மாறி வாங்கிக்கொண்டது. காய்ந்த பிறகு பார்த்தால் புடவைக்குத் தேமல் வந்திருந்தது.

"முன்னாடி நல்லா இல்லாமதான் இருந்துச்சு," என்றான் இக்னேஷியஸ், ஆறுதலாக.

"வாயை மூடுங்க. ஜரிகை லேஸ் வச்சு மறைச்சிடலாம்."

பூந்தமல்லி போய் லேஸ் வாங்கி வந்தாள். மெனக்கெட்டு மெனக்கெட்டு ஒவ்வொரு தேமல் மேலும் வைத்துத் தைத்தாள். தைத்ததில் துணி சுருங்கியது. சுருக்கம் போக இஸ்திரிப் பெட்டியை நன்றாகச் சூடாக்கி முந்தானையில் வைத்தாள். பெட்டியை எடுத்தபோது முந்தானையும் கூடவே வந்தது. வந்த இடத்தில் ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை.

கொஞ்ச நேரம் அந்த ஓட்டை வழியாகப் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சகாயக்காகிட்ட கேட்டா மிச்சப் புடவை ஒண்ணு இருக்கும்," என்றான் அவன்.

"போய் நின்னா அந்தம்மா ஒரு சிரிப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பாக்குறதுக்கு நான் பாடாமலே இருந்துடுவேன்."

அப்படிச் சொன்னவள் கத்தரிக்கோலை எடுத்தாள். நல்ல பாகத்தையெல்லாம் தனியாக வெட்டினாள். தேமல் விழுந்த துண்டுகளைக் கழுத்துக்கும் கை முனைக்கும் ஒதுக்கினாள். ஜரிகையைப் பிரித்து ஓரத்தில் ஓடவிட்டாள். ராப்பகலாக மிஷினை மிதித்து எழுந்தபோது, அவள் கையில் ஒரு சுடிதார் இருந்தது. துப்பட்டாகூட இருந்தது. அந்த நிறத்துக்கு முதல் தடவையாக ஒரு மரியாதை வந்திருந்தது.

இது நடந்தது தொண்ணூற்றொன்றில். குவார்ட்டர்ஸில் சுடிதார் காலேஜ் பெண்களோடு நின்றுவிட்ட காலம். கல்யாணமானவள் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனாலே பத்து வீட்டு ஜன்னல் திறக்கும். இவள் கோயிலுக்குப் போகப் போகிறாள்.

"சௌந்தரி, யோசிச்சுக்க. மைக் கிடைக்காது."

"கிடைக்காட்டி போகட்டும். என் தொண்டை அவங்க வாங்கிக் குடுத்ததா?"

திருவிழாவன்று சாயங்காலம், ஸ்கூட்டரின் பின்னால் கால் இரண்டு பக்கமும் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து வந்து இறங்கினாள். சபையின் பெண்கள் எல்லாரும் அந்த நிறத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். ரேஷன் கடை வாசலில் மூட்டை அடுக்கின மாதிரி இருந்தது.

சகாயம்மாள் நேராக வந்தாள். "இன்னாடி இது?"

"சபைப் புடவைக்கா."

"இது புடவையா?"

"கடையை விட்டு வரும்போது புடவைதான். தீர்மானத்துல ஒரே துணின்னு இருக்கு. ஒரே தையல்னு இல்ல."

"ஃபாதர், நீங்களே கேளுங்க. வயசுப் பொண்ணா இவ? மாதா முன்னாடி இப்டியா வந்து நிப்பாங்க?"

பங்குத்தந்தை பெண்கள் சண்டையில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறவர். "அன்புதான் முக்கியம்," என்று பொதுவாகச் சொன்னார்.

ஞானசௌந்தரி விடவில்லை. "மாதா எந்தக் கடையிலக்கா புடவை எடுத்தாங்க? நீளமா ஒரு அங்கி, தலையில துணி. நான்தான் இங்க அவங்க மாதிரி வந்திருக்கேன். நீங்கள்லாம்தான் வேற மாதிரி வந்திருக்கீங்க."

ஃபாதர் தேரில் நின்ற மாதா சுரூபத்தைத் திரும்பிப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது என்பது உடனே அவர் முகத்தில் தெரிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்.

"பின்னாடி போய் நில்லு," என்றாள் சகாயம்மாள். "மைக்கு பேபிக்கு."

பேபி சபையிலேயே சின்னவள். மைக்கைக் கையில் கொடுத்ததும் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. ஞானசௌந்தரி போய்க் கடைசி வரிசையில், பலூன்காரனுக்குப் பக்கத்தில் நின்றாள். அழுகை வந்தது. அழுதால் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று அதை விழுங்கினாள்.

தேர் புறப்பட்டது. பேபி பாட்டை எடுத்தாள். எடுத்தது மிக உயரத்தில். இரண்டாவது அடிக்கு மேலே போக இடமில்லாமல் குரல் உடைந்து, மைக்கில் வெறும் மூச்சு மட்டும் வந்தது. சகாயம்மாள் மைக்கைப் பிடுங்கித் தானே தொடர்ந்தாள். சத்தம் கேட்டு ஓரத்தில் படுத்திருந்த நாய் எழுந்து போனது. ஊர்வலம் தயங்கியது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து அந்தப் பாட்டு சரியான இடத்தில் கிளம்பியது. மைக் இல்லை, ஆர்மோனியம் இல்லை. தலைக்கு மேல் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு ஞானசௌந்தரி பாடினாள். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு அதற்கு முன்வரிசை, அதற்கும் முன்வரிசை. சகாயம்மாளைச் சுற்றி நின்றவர்களே பின்னால் திரும்பி நின்று பாட ஆரம்பித்துவிட்டார்கள். முன்னால் போக வேண்டிய தேர் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றது.

சகாயம்மாளின் புருஷன் ஜெயபால்தான் மைக் செட் வண்டி தள்ளுகிறவர். பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தார். அவள் மைக்கை அவர் கையில் வைத்தாள். அவர் வண்டியைத் திருப்பிக் கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்து மைக்கை ஞானசௌந்தரியிடம் நீட்டினார்.

"புடி தங்கச்சி. கரண்டு வீணாப் போவுது."

அவள் முன்னால் நடந்தாள். அன்றைக்குப் பாடின மாதிரி அவள் எந்த வருஷமும் பாடினதில்லை. தேர் நிலைக்கு வந்ததும், மூன்று பெண்கள் தனித்தனியாக வந்து கழுத்துத் தையலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தற்செயலாகக் கை பட்ட மாதிரி போனார்கள்.

மைதானத்தில் எல்லாருக்கும் டீ கொடுத்தார்கள். இக்னேஷியஸும் அவளும் வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றபோது, ஜெயபால் வந்து சேர்ந்தார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காத தங்கச்சி. எங்க ஊட்டம்மாவுக்கு உம்மேல கோவம் இல்ல. ஒரே வருத்தம்தான்."

"வருத்தப்பட வேண்டியது நான்ணே. இப்படி ஒரு கலரை எந்தக் குருடன் காட்டினான் அவங்களுக்கு?"

ஜெயபால் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீதாம்மா. நான் சொன்னேன்னு சொல்லிடாத. கார்த்திகை மழை விட்ட அன்னிக்கு காலைப் பூசைக்குப் போவசொல்ல உங்க மாடிக் கொடியில பாத்துச்சாம். தொளதொளன்னு கவுன் மாதிரி, கீழ சுத்தி எலாஸ்டிக்கு, ரெண்டு பக்கம் கை நுழைக்க ஓட்டை. சௌந்தரி ஊட்லயே தொங்குதுன்னா இந்த வருசம் இதான் ஃபேஷன்னு, ஒவ்வொரு கடையா ஏறி எறங்கி அந்தக் கலரைப் புடிச்சிகினு வந்துது. நீயே நல்லா இல்லன்னதும் ரெண்டு நாள் சரியா சாப்புடல."

ஞானசௌந்தரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படி ஒரு உடுப்பை அவள் தைத்ததும் இல்லை, வாங்கினதும் இல்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

இக்னேஷியஸ் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"சௌந்தரி," என்றான் மெதுவாக, "அது நம்ம ஸ்கூட்டர் உறை."