ஜம்புவை ஏன் அணியில் சேர்க்கவில்லை

காத்ர் போர்ன்,
மார்ச் 1989

அன்புத் தங்கை கனகத்துக்கு, அண்ணன் ஞானசம்பந்தம் எழுதுவது. முருகன் அருளால் நானும் உன் அண்ணி வேதநாயகியும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அவ்வாறே இருக்க வேண்டும். என்மேல் உள்ள கோபம் மட்டும் சற்று இளைத்திருக்க வேண்டும்.

தாய்மாமனே உன் பிள்ளையை அணியிலிருந்து ஒதுக்கிவிட்டான் என்று நீ என் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. பொறுமையாகக் கேள். இந்தத் தீவின் பீனிக்ஸ் ஊரில் உன் ஜம்பு வேலை பார்க்கும் பின்னலாடைத் தொழிற்சாலையின் கிரிக்கெட் அணிக்கு ஆள் பொறுக்கும்படி முதலாளி என்னிடம் சொன்னார். ஓய்வுபெற்ற வாத்தியார் சொந்தபந்தம் பார்க்கமாட்டார் என்ற நம்பிக்கை. ஒரு நாட்டு அணிக்கு ஆள் எடுப்பவர்களைப் பார். ஐந்து நாள் ஆட்டத்துக்கு ஒருவிதமான ஆள், ஒரு நாள் ஆட்டத்துக்கு வேறுவிதமான ஆள். பொழுது சாயும்வரை ஆட்டமிழக்காமல் நிற்பவன் முன்னதில் ராஜா. பின்னதில் அவனே பாரம். அங்கே வந்ததும் அடிக்க வேண்டும், பாய்ந்து பிடிக்க வேண்டும். உனக்குத் தெரிந்ததில் சொல்கிறேன்: கல்யாணத்துக்குச் சமைக்கும் தவசுப்பிள்ளையை ரயிலடியில் இட்லி விற்க விட்டால், வண்டி போன பிறகுதான் சட்னிக்குத் தேங்காய் உடைப்பார். அதனால் அவர் சமையல் மட்டமா? நம் ஜம்பு தவசுப்பிள்ளை ரகம். நடந்ததோ முப்பது ஓவர் ஆட்டம்.

ஆகவே குட்லண்ட்ஸ் பக்கத்துத் தமிழ்ப் பையன்களாகப் பார்த்து எட்டுப் பேரை எடுத்தேன். மான் மாதிரி ஓடுவார்கள். தைப்பூசக் காவடிக்கு எட்டுப் பேருமே விரதம் என்று எனக்குத் தெரியும், அதற்காகச் சைவச் சாப்பாடுகூட ஏற்பாடு செய்திருந்தேன். ஆனால் விரதக்காரர்கள் இங்கே தோல் பொருளைத் தொடமாட்டார்கள் என்பது, பத்து நாளும் கோயிலில் அவர்களுக்குத் திருப்புகழ் சொல்லிக்கொடுத்த இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லையே, கனகம்!

எதிரே ஆடிய கடற்கரை ஹோட்டல் அணிக்காரன் முதல் பந்தை அடித்தான். அது நேரே நம் சிறந்த தடுப்பாளன் ரொஜேயிடம் போனது. அவன் மரியாதையாக விலகி வழிவிட்டான். "பிடிடா ரொஜே!" என்று கத்தினேன். "மிஸ்யே, மோ பே ஃபேர் காவடி! லகுயிர் சா!" என்றான். ஐயா, நான் காவடி எடுக்கிறேன், இது தோலாயிற்றே என்கிறான். அடுத்த பந்து இன்னொருவனிடம் போனது, அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். விக்கெட் காப்பவனைத் தவிர்த்தால் அணியில் விரதமில்லாதவர்கள் ஃப்ரான்சிஸும் ஜெராரும்தான்; அவர்கள் மாறி மாறிப் பந்து போட்டுவிட்டு அவர்களே பின்னால் ஓடினார்கள். ஹோட்டல் சமையல்காரர் ஆல்பெர் என் பக்கத்தில் வந்து, "மிஸ்யே, உங்க ஆளுங்க ஆட வந்தாங்களா, ஊர்வலத்துக்கு ஒதுங்கி நிக்கிறாங்களா?" என்று கேட்டார். முருகா என்று உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர்க் கூஜாவோடு நின்ற ஜம்பு, "இப்பவாவது இறங்கட்டுமா, மாமா? இல்ல, நானும் விரதம்னு சொல்லிடவா?" என்றான். ரொஜேக்கு மாற்றாக இறங்கி எட்டுப் பேருக்கும் சேர்த்து அவன் ஒருவனே ஓடினான். அப்படியும் தோற்றோம். திரும்பும் பஸ்ஸில் அவன் என் பக்கத்து இடத்தை விட்டுவிட்டு ஓட்டுநர் அருகே போய் உட்கார்ந்துகொண்டான். அதுதான் எனக்குத் தோல்வியைவிட வலித்தது.

ஆனாலும் சொல்கிறேன், என் தேர்வு தவறில்லை. பந்து எதனால் ஆனது என்று பார்க்காததுதான் தவறு. ஆள் எடுக்கிறவன் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும், அக்காள் தங்கை முகத்தைப் பார்க்கக் கூடாது. அடுத்தவர்களும் அவனிடம் சிபாரிசோடு போகக் கூடாது. இதை நீ ஏற்றுக்கொண்டு ஒரு கடிதம் எழுதினால் என் மனம் ஆறும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் மஞ்சள் குங்குமம் நிலைக்க வேண்டும்.

உன் அண்ணன்,
ஞானசம்பந்தம்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஜம்பு வந்தான். இனி ஆள் எடுப்பது அவனாம், முதலாளி சொல்லிவிட்டாராம். "நடுவராகவாவது என்னைப் போடேன்" என்றேன். "பொறுமை இருக்கு மாமா, பார்வை பத்தாது" என்கிறான். கனகம், நீ பெற்றவள். எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. மாமாவைச் சேர்த்துக்கொள் என்று அவனுக்கு ஒரு வரி போடம்மா.