அந்த மேசைதான் வள்ளம்

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். இப்போது ஊரில் பாதிப் பேர், "நானும் இருந்தனான், என்ர கண்ணால பாத்தனான்" என்று சொல்லித் திரிகிறார்கள். பொய். ஒரு வான் வண்டியில் கொள்ளக்கூடிய ஆட்கள்தான் போனோம்.

ஜெசிந்தா இருந்தாள். எங்கள் பெண்கள் அணியின் கப்டன். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள்.

றெஜினா அக்கா இருந்தார். மீன் வெட்டுகிறவர். மூன்று பிள்ளைகளின் தாய்.

தையல் கடை இரட்டையர்கள் இருந்தார்கள். அது இரண்டு பேர். யார் எவர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சுகந்தி இருந்தாள். நல்ல உயரம்.

வசந்தி இருந்தாள். சுகந்தியை விட உயரம் அரை அடி குறைவு, வாய் ஒரு அடி கூட.

அன்ரன் அண்ணர் இருந்தார். எங்கள் விளையாட்டுக் கழகத்தின் தலைவர். அவரோடு பார்க்க வந்த எங்கள் சனம் நாலைந்து பேர்.

பங்குத் தந்தை இருந்தார். விருந்தினர் மேசையில்.

நான் இருந்தேன். யூட். பயிற்சியாளர். (இந்தப் பட்டம் எனக்கு நானே கொடுத்தது.)

வராத ஆள் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. இறக்கக்கண்டியில் மீன்பிடிப் போட்டுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுகிற வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். அதிகம் கதைக்க மாட்டேன். ஆனால் கரப்பந்தில் சேர்விஸ் அடிப்பேன். என் சேர்விஸை எடுக்க இந்தக் கரையில் ஆள் இல்லை என்று ஊர் சொல்லும். (ஊர் சொல்லாத நாளில் நான் சொல்லுவேன்.)

எங்கள் கழகத்தின் மைதானம் கடற்கரை மணலில் இருக்கிறது. பின்னேரம் ஐந்தரைக்கு ஆண்கள் விளையாடுவோம். எல்லா நாளும். ஒரு நாள் ஜெசிந்தா நேரே வந்து அன்ரன் அண்ணரிடம் கேட்டாள்.

"அண்ணர், கிழமையில ரெண்டு பின்னேரம் எங்களுக்குத் தாங்கோ."

"பொம்பிளையள் வொலிபோல் விளையாடி என்ன பிள்ளை செய்யப் போறியள்?"

"நீங்கள் விளையாடி என்ன செய்தனீங்கள்?"

அன்ரன் அண்ணர் கடலைப் பார்த்தார். நாங்கள் ஒரு கிண்ணமும் எடுத்ததில்லை. கடலுக்கும் அது தெரியும்.

"சரி பிள்ளை. ஆறு கிழமை தாறன். மூண்டு மணிக்கு வாங்கோ. டவுனில கோயில் பங்குகளுக்கு ஒரு போட்டி வருது. அதில ஒரே ஒரு மட்ச் வெல்லுங்கோ. வெண்டால் செவ்வாயும் வியாழனும் பின்னேரம் உங்கட. தோத்தால் இந்தக் கதையே இனி எடுக்கப்படாது."

"ஓம்" என்றாள் ஜெசிந்தா.

மூன்று மணி என்பது சும்மா கொடுத்த மூன்று மணி இல்லை. அது கச்சான் காற்றுக் காலம். தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கயிற்றில் காயப்போட்ட சாரம் படுத்துக்கொண்டு நிற்கும். ஆண்கள் யாரும் அந்த நேரம் மைதானத்தை எட்டிப் பார்ப்பதில்லை. காற்று விழுந்த பிறகுதான் போவோம். எங்களுக்கு வேண்டாத நேரத்தைத்தான் கொடுத்தோம்.

பழக்குவதற்கு ஆள் வேண்டும். மூன்று மணிக்கு வேலை முடிந்து நிற்கிறவன் நான் ஒருவன்தான். போனேன்.

"யூட் அண்ணா, எங்களுக்கு எல்லாம் தெரியும். சேர்விஸ் மட்டும்தான் வருதில்ல" என்றாள் ஜெசிந்தா. (அப்போது அண்ணா. இப்போது வேறு மாதிரிக் கூப்பிடுகிறாள்.)

"சரியான ஆளிட்டத்தான் வந்திருக்கிறீங்கள்" என்றேன். இதுதான் நான் சொன்ன முதலாவது பிழையான வசனம்.

சொல்லிக் கொடுத்தேன். இடது கையால் பந்தைத் தூக்கு. ஒவ்வொரு முறையும் அதே உயரம். கண்ணைப் பந்திலிருந்து எடுக்காதே. உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் அடி. மணிக்கட்டு ஆடக் கூடாது. றெஜினா அக்கா முதல் நாளே பிடித்துக்கொண்டார். பாரை மீனின் தலையை ஒரே வெட்டில் எடுக்கிற கை. பந்து கத்தியது.

அடி சரி. ஆனால் கச்சான் பந்தைத் தூக்கிக் கடலில் போட்டது. முதல் கிழமை நாங்கள் கரப்பந்து விளையாடவில்லை. நீந்தினோம்.

இரண்டாம் கிழமை எனக்கு யோசனை வந்தது. (எனக்கு யோசனை வருவது அரிது. வந்தால் ஆபத்து.) மைதானத்தின் இடப் பக்கம், கோட்டுக்கு வெளியே நாலு எட்டுத் தள்ளி, பழைய வள்ளம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

"இனிமேல் ஒருத்தரும் மைதானத்துக்குள்ள அடிக்கப்படாது. வள்ளத்துக்கு அடியுங்கோ" என்றேன்.

"அது வெளியில எல்லே கிடக்கு?" என்றாள் வசந்தி.

"அடி பிள்ளை. கதைக்காத."

அடித்தாள். பந்து வள்ளத்தைப் பார்த்துப் போனது. நடுவழியில் கச்சான் அதைப் பிடித்தது. வளைந்து, திரும்பி, மூலையில் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. ஆறு பேரும் கத்தினார்கள். நான் கத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லாம் எனக்கு முன்னமே தெரியும் என்பது போல.

அன்றிலிருந்து ஒரே பாடம். வள்ளத்துக்கு அடி. தெற்குப் பக்கம் நின்று மட்டும்தான் அடித்தார்கள். பக்கம் மாறினால் வள்ளம் வலப் பக்கம் வந்துவிடும், எதற்குக் குழப்பம் என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் கிழமை பத்துக்கு ஒன்பது உள்ளே விழுந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் கை வள்ளத்தைத் தேடிப் போகும். அந்த அளவுக்குப் பழக்கினேன்.

இங்கே ஒரு விடயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சேர்விஸ் உள்ளே விழுவது என்னால் என்று நினைத்தேன். காற்றால் என்று நினைக்கவில்லை.

போட்டி நாள் வந்தது. டவுனில் பெரிய மண்டபம். கூரை, சுவர், சீமெந்துத் தரை. எங்களுக்கு எதிர் அன்புவழிபுரம் பங்கு அணி. எங்கள் பெண்கள் கோட்டுக்குள் இறங்கி அங்கும் இங்கும் பார்த்தார்கள்.

"அண்ணா, வள்ளம் எங்க?" என்று கேட்டாள் சுகந்தி.

நானும் பார்த்தேன். இடப் பக்கம், கோட்டுக்கு வெளியே, சரியாக நாலு எட்டில் விருந்தினர் மேசை இருந்தது. வெள்ளை விரிப்பு, பூச்சாடி, தட்டில் பற்றீஸ், பின்னால் கதிரைகளில் பெரியவர்கள்.

"அந்த மேசைதான் வள்ளம்" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். சந்தேகமே இல்லாத குரலில்.

முதல் சேர்விஸ் ஜெசிந்தா. பந்தைத் தூக்கினாள், அழகான உயரம். அடித்தாள், அழகான அடி. பந்து நேரே போனது. வளையவில்லை. திரும்பவில்லை. பூச்சாடி விழுந்தது.

"பரவாயில்ல! அதே மாதிரி!" என்றேன்.

அதே மாதிரி றெஜினா அக்கா அடித்தார். பற்றீஸ் தட்டு கிளம்பியது. பங்குத் தந்தை கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். மூன்றாவது பந்து வந்ததும் பெரியவர்கள் எழும்பி, கதிரைகளையும் மேசையையும் தாங்களே தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனார்கள்.

"அண்ணா! வள்ளத்த எடுத்திட்டினம்!" என்று இரட்டையர்களில் ஒருத்தி கத்தினாள்.

"அது இருந்த இடத்துக்கு அடி!"

அது இருந்த இடத்துக்கு அடித்தார்கள். சொன்ன சொல் தட்டாத பிள்ளைகள். ஒரு பந்தும் வலையில் படவில்லை, ஒரு பந்தும் தளரவில்லை. எல்லாம் நான் பழக்கியபடியே, கோட்டுக்கு வெளியே நாலு எட்டில். முதல் செற்றில் எங்களுக்குப் பதின்மூன்று, அவர்களுக்கு இருபத்தைந்து. நாங்கள் அடித்த சேர்விஸ் பதினாலு. பதினாலும் வெளியே. அன்புவழிபுரம் பெண்கள் பாதி நேரம் சும்மா நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இடைவேளையில் றெஜினா அக்கா துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"என்ன தம்பி இது, அவிச்சுக் கொட்டுது. இங்க ஒரு பொட்டுக் காத்தும் இல்லையே."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வராத ஆள் அதுதான்.

உடனே மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஓடினேன்.

"ஐயா, மேற்குப் பக்க யன்னல் எல்லாத்தையும் திறந்து விடுங்கோ. கொஞ்சம் கச்சான் வேணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது பெயின்ற் அடிச்ச நாளில இருந்து ஒட்டிக்கொண்டு நிக்குது தம்பி. ஏலாது."

திரும்பி வந்து பெண்களிடம் சொன்னேன். "வள்ளத்த மறவுங்கோ. நேரா அடியுங்கோ."

"ஆறு கிழமையா இதத்தானே பழக்கினீங்கள்?" என்றாள் வசந்தி. "இப்ப மறக்கட்டாம்!"

இரண்டாவது செற்றுக்குப் பக்கம் மாறினார்கள். இடப் பக்கம் இந்த முறை மேசை இல்லை. எங்கள் சனம் இருந்தது. முன்வரிசையில் அன்ரன் அண்ணர், கையில் பிளேன்ரீயோடு.

சுகந்தி நேரே பார்த்தாள். நேரே நின்றாள். அடித்தாள். பந்து இடப் பக்கம் போனது.

"நேரா அடி பிள்ளை!"

"நேராத்தான் அண்ணா நினைக்கிறன். கை கேக்குதில்ல!"

நன்றாகப் பழகிய கை அப்படித்தான். கெட்டதைப் பழக்கினாலும் நன்றாகப் பழகும். நாலாவது பந்து அன்ரன் அண்ணரின் பிளேன்ரீயை எடுத்தது. ஆறாவது அன்ரன் அண்ணரையே எடுத்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை.

அந்தச் செற்றில் எட்டுச் சேர்விஸ் வெளியே போய்விட்டது. அவர்களுக்கு இருபத்துநாலு, எங்களுக்கு ஒன்பது. சேர்விஸ் ஜெசிந்தாவின் கையில். அவள் என்னிடம் கேட்கவில்லை. பந்தை இடுப்புக்குக் கீழே பிடித்து, சின்னப் பிள்ளைகள் அடிக்கிற மாதிரிக் கீழ்க்கையால் தட்டினாள். பந்து உள்ளே விழுந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை, எடுக்க ஆள் இல்லை. பத்து. திரும்பவும் தட்டினாள். பதினொன்று.

மண்டபம் எழும்பி நின்றது. இரண்டு புள்ளி. செவ்வாயும் வியாழனும் திரும்பி எட்டிப் பார்த்தன.

அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன். ஒரு நாளைக்கு இருபது சொல்லுக்கு மேல் கதைக்காதவன்.

"ஜெசிந்தா! பழகின மாதிரி அடி!"

அவள் திரும்பிப் பார்த்தாள். பயிற்சியாளர் சொல்லுகிறார். பந்தை மேலே தூக்கினாள். அழகான உயரம். அழகான அடி.

வெளியே போன இருபத்துமூன்றாவது பந்து.

வான் ஊருக்கு வந்ததும் அன்ரன் அண்ணர் இறங்கி, ஈரச் சட்டையை உதறினார்.

"சரி பிள்ளையள். கதை முடிஞ்சுது."

"முடியேல்ல" என்றாள் ஜெசிந்தா. "நாங்கள் மண்டபத்தில தோத்தனாங்கள். எங்கட மைதானத்தில தோக்கேல்ல. ஞாயிறு மூண்டு மணிக்கு ஆம்பிளையள் வாங்கோ. பதினைஞ்சுக்கு ஒரு செற். நாங்கள் தெற்குப் பக்கம். பக்கம் மாறுறதில்ல."

அன்ரன் அண்ணர் சிரித்தார். "பொம்பிளையளோட விளையாட எங்களுக்கென்ன பயமா? யூட் ஆரோட நிக்கிறான்?"

ஆறு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். "உங்களோட!"

ஞாயிறு வந்தது. கச்சானும் வந்தது, நேரத்துக்கு. எங்கள் ஆட்கள் மூன்று மணிக் காற்றை வீட்டுக்குள் இருந்து மட்டும் கண்டவர்கள். அடித்த சேர்விஸ் கடலுக்குப் போனது. என்னுடையது இரண்டு உள்ளே விழுந்தது. இரண்டையும் றெஜினா அக்கா மீனைத் திருப்புகிற மாதிரித் திருப்பி அனுப்பினார். பெண்கள் அடித்தது வள்ளத்தைப் பார்த்துப் போகும். எங்கள் ஆட்கள் "அவுட், அவுட்" என்று கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். பந்து திரும்பி வந்து காலடியில் விழும். நான் சொல்லிப் பார்த்தேன், "அது உள்ள வரும்" என்று. அந்த மண்டபத்துக்குப் பிறகு என் சொல்லை யார் கேட்பார்கள்?

பெண்களுக்குப் பதினாலு, எங்களுக்கு ஒன்பது. கடைசிச் சேர்விஸ் ஜெசிந்தா. பந்து என் பக்கம் வந்தது. வள்ளத்துக்கு நேரே. இந்தப் பந்தைப் பழக்கியவன் நான். எங்கே விழும் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான். என் கை எழும்பியது. அதற்கு முந்தி என் வாய் திறந்தது.

"அவுட்! விடு!"

பந்து மூலையில் கோட்டுக்கு உள்ளே விழுந்தது.

அன்ரன் அண்ணர் மணலில் குந்திவிட்டார். "செவ்வாயும் வியாழனும்" என்றார்.

"சனியும்" என்றாள் ஜெசிந்தா.

சனியும் கொடுத்தார். இன்றைக்கும் அந்த மூன்று பின்னேரமும் அவர்களுடையது. இப்போது பக்கம் மாறியும் பழகுகிறார்கள். காற்று விழுந்த பிறகும் பழகுகிறார்கள். பழக்குவது றெஜினா அக்கா. நான் வலையைக் கட்டிக் கொடுப்பதோடு சரி.

அடுத்த வருடம் ஜெசிந்தாவைப் பெண் கேட்டுப் போனேன். அவளுடைய அப்பா கேட்டது ஒரே கேள்வி.

"தம்பிதானோ அந்த மேசை?"

"ஓம்" என்றேன். தந்தார்.

கலியாணத்தன்று பீடத்துக்கு முன்னால் மோதிரம் என் கையிலிருந்து நழுவி உருண்டு போனது. ஜெசிந்தா முக்காட்டுக்குள் இருந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இருவத்தி நாலு."

நானும் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. வீட்டில் நான் எறிந்து குறி தவறுகிற ஒவ்வொன்றும் அந்தக் கணக்கில் சேரும். ஆணியில் கொழுவ எறிந்த சட்டை. பூனைக்கு எறிந்த மீன் தலை. மகள் எண்ணப் பழகியதே இப்படித்தான். பாலர் பாடசாலைக்குப் போன முதல் நாள் மற்றப் பிள்ளைகள் ஒன்றிலிருந்து எண்ணினார்கள். இவள் நூற்றெழுபதிலிருந்து எண்ணினாள்.

இதை எழுதத் தொடங்கியபோது முதல் தாள் பிழைத்துவிட்டது. கசக்கினேன். வாளி மூலையில் இருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நானும் இப்போது பாடம் படித்தவன். காற்றைப் பார்த்து, வாளிக்கு ஒரு சாண் இடப் பக்கம் தள்ளி எறிந்தேன்.

கரண்ட் போனது.

குசினிக்குள் இருந்து இரண்டு குரல் ஒன்றாக வந்தது.

"நானூத்திப் பதினாறு."