சாக்கடைக்கு ஒரு சான்றிதழ்

அரசாங்கத்தில் எந்தப் பொருளுக்கும் ஒரு பெயர் வேண்டும். பெயர் இல்லாத பொருளை எந்த அலுவலரும் தொட மாட்டார். இந்த உண்மை முதலியார்பேட்டைத் தனக்கொடிக்கு, வீட்டுக்காரர் காலில் ஆணி குத்திய பிறகுதான் தெரிந்தது.

அவள் கணவர் கன்னியப்பன், மில்லை மூடிய பிறகு மூட்டை தூக்கிப் பிழைக்கிறவர். அவர் புண்ணில் புகுந்த கிருமி எந்த மருந்துக்கும் மசியவில்லை. மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், விலை கூடிய ஊசியும் போட்டார்கள். கிருமி அத்தனையையும் வாங்கிக்கொண்டு சௌகரியமாக இருந்தது.

"காலை எடுத்துடணும்னு பெரிய டாக்டருங்க சொல்றாங்க," என்றார் டாக்டர் பூர்ணிமா. "அதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு பாக்கலாம். இந்தக் கிருமியைத் தின்னுற வைரஸ் இருக்கு. கிருமி மண்டிக் கிடக்கிற சாக்கடையிலதான் அதுவும் இருக்கும். அதைப் பிரிச்சு, சுத்தம் பண்ணி, சோதிச்சுப் புண்ணுல விடலாம். சிறப்பு அனுமதிகூட வாங்கிட்டேன்."

"நம்ம ஊர்ல சாக்கடைக்கா டாக்டரம்மா பஞ்சம்?" என்றாள் தனக்கொடி.

பஞ்சம்தான். பாட்டிலோடு 'இது கழிவுநீர்' என்ற சான்றிதழும் வந்தால்தான் ஆய்வகம் வாங்கும். அதைத் தர வேண்டியவர் வாய்க்கால் தூய்மை அலுவலர் புருஷோத்தமன்.

"கழிவுநீரா? பெரிய வாய்க்கால்லயா?" அவர் பதறிப்போனார். "போன வருஷமே அமைச்சர் ரிப்பன் வெட்டி, தூய்மையாயிடுச்சுன்னு அறிவிச்சுட்டாரேம்மா! அதுல இருக்கிறது ஓய்வெடுக்கும் நீர்."

"அப்புறம் ஏன் சார் ஜன்னலைச் சாத்தி வெச்சிருக்கீங்க?"

"நாத்தம் காத்துல வருது. காத்து வேற துறை."

"அந்த ஓய்வெடுக்கிற தண்ணியில ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுங்க, நான் போயிடுறேன்."

புருஷோத்தமன் கெட்டவர் அல்லர். ஒரு தொழிலாளியின் கால் என்றதும் மனம் இளகியது. கழிவுநீர் என்று எழுதத்தான் கை வரவில்லை. ஆகவே, 'மருத்துவ நீர் முகக்கும் விழா' ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். அமைச்சரே தம் கையால் முகந்து கொடுத்தால் சான்றிதழ் எதற்கு?

பெரிய மனிதர் வருகிறார் என்றால் நாம் என்ன செய்வோம்? பிளீச்சிங் பவுடர் போடுவோம். போட்டார்கள். இரண்டு கரையும் மார்கழிக் காலைபோல் வெளுத்தன. கரைக்கு மட்டும் போட்டால் மரியாதைக் குறைவு என்று வாய்க்காலுக்குள்ளும் மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். அமைச்சர் வெள்ளிச் செம்பில் முகந்தார். கைத்தட்டல் வானைப் பிளந்தது.

"இதுல கிருமியும் இல்ல, கிருமியைத் தின்னுறதும் இல்ல," என்றார் செம்புத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்த பூர்ணிமா. "எல்லாம் செத்துப்போச்சு. வெள்ளிக்கிழமை அவர் காலை எடுக்கப் போறாங்க."

தனக்கொடி அழுதுகொண்டே மறுபடி அலுவலகம் போனாள்.

"சார், எங்க தெருவுக்கு அமைச்சர் என்னைக்காவது வந்திருக்காரா?"

"உங்க தெருவுக்கா? எதுக்கு?"

"அப்போ எங்க சாக்கடைக்குப் பவுடரும் போட்டிருக்க மாட்டீங்க."

"அந்தச் சாக்கடை எங்க வரைபடத்துலயே இல்லையேம்மா!"

"அது உங்களுது இல்லேன்னா, அதைக் கழிவுநீர்னு எழுத உங்களுக்கு என்ன சார் கஷ்டம்?"

புருஷோத்தமன் முகம் மலர்ந்தது. "ஒரு கஷ்டமும் இல்ல! கழிவுநீரேதான்! படுமோசமான கழிவுநீர்!" என்று மூன்று இடத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

தெருச் சாக்கடையில் முகந்த பாட்டிலில் வைரஸ் கோடிக்கணக்கில் இருந்தது. கன்னியப்பன் புண்ணில் விட்ட மருந்து கிருமியைத் தின்று தீர்த்தது. புண் ஆறியது. கால் உடம்போடேயே நின்றது.

செய்தி பரவியதும் அலுவலகம் விழித்துக்கொண்டது. வரைபடத்தில் இல்லாத சாக்கடை அன்றே வரைபடத்தில் ஏறியது. தெருமுனையில் பலகை நட்டார்கள்: 'மருத்துவ உயிர்வளப் பாதுகாப்புப் பகுதி. இங்கு தூர்வாருதல் தண்டனைக்குரிய குற்றம்.'

துறை பிறப்பித்த ஆணைகளில் எழுத்துக்கு எழுத்து நிறைவேறி வருவது அது ஒன்றுதான். பொதுமக்களும் தினந்தோறும் அதில் குப்பை கொட்டி முழு ஒத்துழைப்பு நல்கி வருகிறார்கள். காலையில் முதல் பை கன்னியப்பனுடையது. யார் துணையும் இல்லாமல், இரண்டு காலாலும் நடந்துவந்து போட்டுவிட்டுப் போகிறார்.