பூஜ்யம் எண் சீட்டு

கடலுக்கும் மலைக்கும் நடுவே ஏழுகரை என்றொரு நாடு. அங்கே அறிவாளிகளுக்குப் பஞ்சமே இல்லை, கஷ்டமே அதுதான்.

எண்ணிக்கை பூஜ்யத்தில்தான் தொடங்கும் என்றார் சீட்டுத்துறை அமைச்சர். ஒன்றில்தான் என்றார் மருத்துவ அமைச்சர். மூன்று மாதம் அவையில் வாதம். கடைசியில் அரசர் இருவர் மனமும் நோகாமல் தீர்ப்பளித்தார்: வைத்தியசாலை வாசலில் பூஜ்யத்திலிருந்து சீட்டுக் கொடுக்கப்படும், உள்ளே ஒன்றிலிருந்து அழைக்கப்படும். அவை கைதட்டியது.

அல்லிமுத்துவின் மகளுக்கு மூச்சிரைப்பு. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்து முதல் ஆளாக நின்றாள். பூஜ்யம் எண் கிடைத்தது. ஒன்று முதல் ஒன்பது வரை அழைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

"ஐயா, நான்தானே மொதல்ல வந்தேன்! புள்ளைக்கு மூச்சு முட்டுதுய்யா!"

"முதல்ல வந்தவங்க ஒன்னாம் நம்பர்மா. உங்க நம்பர் எங்க பட்டியல்லயே இல்ல" என்றார் அதிகாரி, மிகுந்த கண்ணியத்தோடு.

மறுநாள் சற்றுப் பிந்தி வந்தாள். ஒரு நாளைக்குரிய பத்துச் சீட்டும் தீர்ந்திருந்தது. மூன்றாம் நாள் முந்தினாள், மறுபடி பூஜ்யம். நோய் முற்றியவர்கள்தானே முதலில் ஓடிவருவார்கள்! இந்தப் புண்ணியவான்களுக்கு அது எங்கே புரியப்போகிறது?

நான்காம் நாள் அவளுக்கு முன்னால் மூட்டை தூக்கும் தவசி நின்றார். திடகாத்திரமான ஆள்.

"உங்களுக்கு என்னண்ணே நோவு?"

"ஒன்னுமில்ல தாயி. அந்தப் பூஜ்யத்த நான் வாங்கிக்கிறேன். நீ புள்ளையக் காட்டிட்டுப் போ."

அன்று பிள்ளை மருந்து குடித்து, மடியில் நிம்மதியாகத் தூங்கியது. அல்லிமுத்து விம்மி விம்மி அழுதாள்.

தவசி தினமும் வந்து நின்றார். ஆண்டு முடிவில் மருத்துவ அமைச்சர் அறிக்கை வாசித்தார்: "பூஜ்யம் எண் பெற்றவரை முந்நூறு முறை கவனித்தோம். ஒரு நாளும் நோய் இல்லை. நாம் அழைக்காதவர்கள் நலமாகவே இருக்கிறார்கள்!"

அரசர் பூரித்துப்போய்த் திட்டத்தை விரிவாக்கினார். இனி இரண்டிலிருந்துதான் அழைப்பு.

மறுநாள் தவசிக்குப் பின்னால் அல்லிமுத்து வந்து நின்றாள்.

"புள்ளைக்கு மறுபடியும் முடியலையா தாயி?"

"அவ நல்லா விளையாடுறாண்ணே. ஒன்னாம் நம்பரையும் யாராச்சும் வாங்கணும்ல?"

அவளுக்குப் பின்னால் இருமிக்கொண்டிருந்த பெரியவருக்கு இரண்டாம் எண் கிடைத்தது.

இப்போது பத்திலிருந்து அழைக்கலாமா என்று அவை ஆலோசிக்கிறது. சீட்டு ஒன்பதோடு முடிகிறது என்று சொல்ல அல்லிமுத்து அரண்மனைக்குப் போயிருக்கிறாள். வாசலில் மரியாதையாக உட்காரவைத்து, கையில் ஒரு சீட்டும் கொடுத்திருக்கிறார்கள். அவள்தான் முதல் ஆள்.